படிவம் சி

வெளிநாட்டார் வந்து இறங்கினால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.
ஒண்டிக்கடைக்கு மேலே எங்கள் விடுதி.
இணையமும் மூடுபனி மாதிரிதான்,
அது நினைத்தால் வரும்.

இரண்டு பாஸ்போர்ட். எவ்தோகியா நவுமிது, கிரீஸ்.
தொன்கா நவுமோவ்ஸ்கா. இவள் நாட்டை
எம் எழுத்தில் தேடினேன். இல்லை.
"என்-னில் பார். வடக்கு என்று தொடங்கும்"
என்றாள் எவ்தோகியா.
"தொடங்க வைத்தார்கள்" என்றாள் தொன்கா,
புளித்த மோர் குடித்த முகத்தோடு.

சொந்தமா என்று கேட்டேன்.
அப்பன்மார் கூடப்பிறந்தவர்களாம்.
தாத்தன் பேர் நவும்.
அந்த ஒரு பேரின் வாலில்
இந்த அரசாங்கம் ஒரு துண்டும்
அந்த அரசாங்கம் ஒரு துண்டும் தைத்திருக்கின்றன.
சண்டை நடந்த வருசம்
தொன்காவின் அப்பன் பதினோரு வயதில்
மற்றப் பிள்ளைகளோடு எல்லை தாண்டி நடந்தான்.
எவ்தோகியாவின் அப்பனுக்கு அன்றைக்குக் காய்ச்சல்.
அவ்வளவுதான்.

ராத்திரி காற்றடித்து மின்சாரம் போனது.
மெழுகுவத்தியோடு போனால்
வராந்தாவில் இருவரும் பேசுகிறார்கள்.
பகலெல்லாம் பேசிய இங்கிலீஷ் இல்லை.
எவ்தோகியா போனில் பேசும் கிரேக்கமும் இல்லை.
என்ன பாஷை என்று கேட்டிருக்கக் கூடாது.

தொன்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பேர் சொன்னாள்.
எவ்தோகியா ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினாள்.
"அதற்குப் பேர் கிடையாது. வீட்டில் 'நம்மது' என்போம்."
"உன் வாயில் வருவதும் அதேதானடி."
"வாயில் வருவதெல்லாம் நானா? நான் கிரேக்கக்காரி."
மெழுகு என் கட்டைவிரலில் சொட்டியது.

கொஞ்ச நேரம் பொறுத்து அவளே சொன்னாள்.
சந்தையில் தாத்தன் அந்தப் பேச்சில்
ஒரு கழுதைக்கு விலை கேட்டானாம்.
போலீஸ்காரன் பிடித்து உட்காரவைத்து
விளக்கெண்ணெய் ஊற்றினான்.
அன்று முதல் வீட்டில்
சன்னலைச் சாத்தாமல் யாரும் வாய் திறப்பதில்லை.
சேலம் சந்தையில் டின் டின்னாக விற்கும் எண்ணெய்தான்.
எனக்குத் தெரியும்,
அதில் மலம் போகும். பேச்சு போகாது.

"நீ யார்?" என்றாள் தொன்கா.
என் சட்டையில் ஷீலா என்று குத்தியிருக்கிறது,
மேனேஜர் வைத்தது. அதைக் கேட்கவில்லை அவள்.
மலையாளி என்றேன்.
"ஓ, கேரளா!" என்றார்கள், அதில் மட்டும் ஒரே குரலாக.

தாலுகா ஆபீசிலும் இதையேதான் கேட்டார்கள்.
சான்றிதழுக்காக மூன்று வருசம்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினேன்.
"கேரளாக்காரிக்கு இங்கே என்ன சலுகை?"
தமிழில் கேட்டார் எழுத்தர்,
தமிழில்தான் பதில் சொன்னேன்,
அப்புறமும் நம்பவில்லை.

காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி
மூன்று மலை ஏறினார்கள் என்பது எங்கள் கதை.
மூத்தவன் வந்தது இங்கே என்று நாங்கள் சொல்வோம்.
கொல்லிமலையில் கேட்டால்
அவர்கள் வேறு சொல்வார்கள்.
என் பெரியப்பா மகன் அங்கே பெண்ணெடுத்து
வெறும் கவுண்டர் என்று எழுதிக்கொண்டான்.
தீபாவளிக்கு வந்தபோது
அவனும் நானும் அதைப் பேசவில்லை.
மொச்சைக்கு விலை பேசினோம்.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்ல
என் இங்கிலீஷ் போதவில்லை.
"வேற மலையாளி" என்றேன்.
எவ்தோகியா சிரித்தாள்.
"வடக்கு என்று போட்டுக்கொள்."
தொன்காவும் சிரித்துவிட்டாள், பிறகு
சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டாள்.

பல்பு எரிந்தது.
இருவரும் கண்ணைக் கசக்கினார்கள்.
"காலையில் காபி எத்தனை மணிக்கு?"
இங்கிலீஷ்.

புறப்படும்போது பதிவேட்டில் கையெழுத்து,
ஒன்றின் கீழ் ஒன்று, ஆளுக்கோர் எழுத்தில்.
நவும் என்பதன் முதல் எழுத்து
இருவருக்குமே இரண்டு கால், நடுவில் ஒரு படி.
ஒருத்தி படியைச் சாய்த்துப் போட்டிருந்தாள்,
ஒருத்தி நேராக.
பக்கத்துக் கட்டத்தில் நான் தேதி எழுதினேன்.